பல்செட்டார் ரயிலேற்றி அனுப்பிய ரத்தக்காட்டேரி

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் பெரியவர்கள் சிரித்தால் குழந்தைகள் அழுதன. இதற்கு முழுப் பொறுப்பு ஒரே ஒரு மனிதருடையது. அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். ஊருக்கு அவர் பல்செட்டார்.

சின்னக்கடைத் தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மாடி அறையில் உட்கார்ந்து பொய்ப்பல் கட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் அல்ல. பல்லைப் பிடுங்க மாட்டார். வேறெங்கோ பிடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு மெழுகில் அச்செடுத்து, செட் செய்து, வாயில் மாட்டி அனுப்புவார். வேலை சுத்தம். ஈறில் உறுத்தாது, தும்மினால் கழன்று எதிரில் இருப்பவர் மடியில் விழாது. குறை ஒன்றுதான். கோரைப்பல் இரண்டையும் இருக்க வேண்டியதைவிட ஒரு நெல் நீளம் கூடுதலாக வைத்துவிடுவார்.

கேட்டால் கொள்கை பேசுவார். “மாட்டுக்குக் கொம்பு குடுத்தான், கோழிக்கு மூக்கு குடுத்தான். மனுசனுக்குக் கடவுள் குடுத்த ஒரே ஆயுதம் இந்த ரெண்டு பல்லுதான். அதையும் மழுக்கி வச்சிக்கினா அப்பறம் நம்ம கிட்ட இன்னா இருக்குது?”

நெல் மண்டி வைத்திருந்த ஒருவர் புதுப் பல்லோடு வீட்டுக்குப் போய், பேத்தியைப் பார்த்து ஆசையாகச் சிரித்தார். குழந்தைக்கு ஜுரம் வந்துவிட்டது. மறுநாள் மண்டிக்காரர் மாடியேறிச் சண்டைக்கு வந்தார்.

“பல்லு கட்டச் சொன்னா தந்தம் கட்டி வச்சிருக்கியே, நீ நல்லா இருப்பியா?”

பல்செட்டார் பதற்றப்படவில்லை. “காலையில யாவாரம் எப்டி இருந்திச்சி?”

மண்டிக்காரர் கொஞ்சம் யோசித்தார். “அது நல்லாத்தான் இருந்திச்சி. வெலையச் சொல்லிட்டுச் சிரிச்சேன். ஒருத்தனும் பேரம் பேசல.”

“அவ்ளோதான். வீட்டுக்குப் போனா கழட்டி வச்சிடுங்க. மண்டிக்கு வந்தா போட்டுக்கங்க.”

மண்டிக்காரர் கடைசிவரை அப்படித்தான் செய்தார்.

நான் அப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் அச்சாகிக்கொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். யாருக்கு உதவி என்று கேட்கக் கூடாது. ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இல்லை. அச்சக முதலாளியே ஆசிரியர், விளம்பரம் பிடிப்பவர், சந்தா வசூலிப்பவர். எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையின் விலை, சினிமா விளம்பரம், தெருவிளக்கு எரியவில்லை என்ற செய்தி, எரிந்துவிட்டது என்ற மறுவாரச் செய்தி. இவ்வளவுதான் பத்திரிகை. விற்காமல் திரும்பிவரும் கட்டு, போன கட்டைவிடப் பெரிதாகத் தோன்றத் தொடங்கியிருந்தது. என் வேலை இன்றோ நாளையோ என்று இருந்தது. அந்த நேரத்தில்தான் பல்செட்டார் ஒரு காகிதக் கட்டோடு அச்சகத்துக்குள் வந்தார்.

“தொடர்கதை, மொதலாளி. ரத்தக்காட்டேரி.”

முதலாளி தயங்கினார். “நம்ம ஊருக்கு ஆன்மிகம்தானே எடுபடும்?”

“ஆன்மிகத்துக்கு ஊரு பூரா ஆளு இருக்காங்க. ரத்தத்துக்கு நான் ஒருத்தன்தான்.”

முதலாளி காகிதக் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். பல்செட்டார் சன்மானமும் கேட்கவில்லை. கதை அந்த வாரமே தொடங்கியது.

கதை நடக்கிற இடம் எங்கள் ஊர் வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம். ஊர் எல்லையில், ஒரு பழைய மதிலுக்குள், வேப்ப மரங்களுக்கு நடுவில் அது இருந்தது. கம்பெனிக் காலத்தில் சண்டைக்கு வந்து செத்த சிப்பாய்கள், காய்ச்சலில் செத்த அதிகாரிகள், அவர்களுடைய சின்னக் குழந்தைகள். எழுத்துத் தேய்ந்த கற்கள். மூலையில் கட்டில் மாதிரி உயரமாக ஒரு கல்லறை. அதில் கேப்டன் என்பது மட்டும் படிக்க வந்தது. பெயரை மழை தின்றுவிட்டது. பல்செட்டார் அந்தக் கேப்டனைத் தேர்ந்தெடுத்து ரத்தக்காட்டேரியாக்கினார். ராத்திரியில் கல்லை விலக்கிக்கொண்டு எழுந்து ஊருக்குள் வருவான். கதையில் வரும் பெண்கள் பள்ளி ஆசிரியை கமலா டீச்சரின் கழுத்தின் மேல் அவனுக்கு ஒரு கண்.

“கற்பனையா ஒரு கல்லறையை வைத்துக்கொள்ளக் கூடாதா?” என்று நான் கேட்டேன்.

“எடம் நெசமா இருக்கணும் தம்பி. பேய் வேணா பொய்யா இருந்துட்டுப் போவட்டும். எடமும் பொய், பேயும் பொய்னா படிக்கிறவன் எதைப் புடிச்சிகினு நிப்பான்?”

எனவே இடத்தைப் பார்க்க வாராவாரம் போவார். உச்சி வெயிலில்தான் போவார். குடை பிடித்துக்கொண்டு போவார். இருட்டு என்றால் அவருக்கு ஆகாது. மாடிப்படியில் பல்பு போய்விட்டால் பாத்திரக் கடைக்காரரைத் துணைக்குக் கூப்பிடுகிற ஆள். கேப்டன் கல்லறையின் மீது துண்டை விரித்து உட்கார்ந்து, கேப்டன் எழுந்து வருவதை எழுதுவார். கல்லில் ஒரு விரிசல் இருந்தது. கேப்டனின் விரல் அதன் வழியாக வெளியே வருமா என்று தெரிந்துகொள்ள, பல்லுக்கு அச்செடுக்கிற மெழுகைக் கொண்டுபோய் அந்த விரிசலுக்கு அச்செடுத்தார். சுண்டு விரல் வரும் என்று தெரிந்தது. கதையிலும் சுண்டு விரல்தான் வந்தது.

தோட்டத்துக்குக் காவல் ரோசம்மா. மதிலை ஒட்டிய ஓர் அறையில் குடியிருந்தார். புருஷன் பார்த்த வேலை. அவர் போன பிறகு இவருக்கு வந்தது. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே முளைக்கிற புல்லை மேய்த்துக்கொள்ளலாம் என்பதுதான் உண்மையான சம்பளம். செவலை, மயிலை என்று இரண்டு மாடுகள். தண்ணீர் கலக்காத பால். டீக்கடை பாயும் சுற்றுவட்டாரத் தெருக்களும் அந்தப் பாலைத்தான் வாங்கின. பல்செட்டாருக்கும் காலையில் அதே பால்.

எழுதியதை முதலில் ரோசம்மாவுக்குப் படித்துக் காட்டுவார். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்பார்.

“பல்லு சார், அந்த வேப்ப மரத்தை இந்தாண்ட போட்டுட்ட. அது கேப்டனுக்கு அந்தாண்டகீது.”

“மாத்திடறேன்மா.”

“அப்பறம் அவன் ராத்திரி எழுந்து வரான்னு எழுதற. நான் இங்கயே படுத்துகினு கீறேன். ஒரு நாளும் வரல. புழுக்கமா இருந்தா நானே போயி அவன் மேல படுத்துக்குவேன். கல்லு ஜில்லுனு இருக்கும்.”

பல்செட்டார் இதைக் கேட்டு ஓர் அடி தள்ளி உட்கார்ந்தார்.

கதை மெதுவாகத்தான் சூடு பிடித்தது. காரணம், பல். கேப்டன் வாயைத் திறந்த வாரம் முழுக்க பல்செட்டார் பல்லையே எழுதினார். மறுவாரமும் எழுதினார். மேல்வரிசை, கீழ்வரிசை, ஈறின் நிறம், கோரைப்பல்லின் சாய்வு. முதலாளி பொறுமையிழந்தார்.

“கமலா டீச்சர் கழுத்தைக் காட்டிகினு நிக்கிறாங்க. எப்பதான் சார் கடிப்பான்?”

“ஈறு சரியா அமையணும் மொதலாளி. அவசரப்பட்டா ஆடும்.”

கடைசியில் கேப்டன் கடித்தான். அந்த இதழ் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் கூடுதலாக அடித்ததும் போதவில்லை. முடிதிருத்தகத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, சோப்பு நுரையோடு மற்றவர்கள் கேட்டார்கள். என் வேலை நிலைத்தது. அந்தத் தெம்பில் வீட்டில் பெண் பார்க்கவும் தொடங்கினார்கள். இன்றைக்கு எனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்றால், அதன் அஸ்திவாரத்தில் கமலா டீச்சரின் கழுத்து இருக்கிறது.

மெட்ராஸிலிருந்து ஒரு பதிப்பாளரின் ஆள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். மாதநாவலாகப் போடலாம் என்றார். “ஆனா ஒண்ணு சார், காட்டேரி மட்டும் சாகக் கூடாது. மாசாமாசம் வரணும்.” பல்செட்டார் அன்று சலவைச் சட்டையில் இருந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள், பல் அளவு குறிக்கிற தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகினார். தன் பெயர் கெட்டி எழுத்தில் மெட்ராஸ் கடைகளில் தொங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இருந்ததாக நான் கண்டதில்லை.

இங்கேதான் ஊர் தன் வேலையைக் காட்டியது.

வேறு ஊராக இருந்தால், ரத்தம் குடிக்கிற ஒன்று கல்லறையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டவர்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தியிருப்பார்கள். எங்கள் பக்கத்து மக்கள் அப்படியல்ல. ஓரிடத்தில் ரத்தம் கேட்கிற ஒன்று இருக்கிறது என்றால், அதற்கு என்ன வேண்டும் என்று விசாரித்துப் படையல் வைப்பார்கள். வைத்தால் அது தொந்தரவு செய்யாது. வைக்கிறவரின் வேலையையும் முடித்துக் கொடுக்கும். கேப்டனுக்கும் அந்த மரியாதை நடந்தது.

முதலில் கல்லறை மேல் ஒரு முட்டையும் எலுமிச்சம்பழமும் இருந்தன. அடுத்த வாரம் கருங்கோழி. பிறகு பீடிக்கட்டு, சாராயம், கருவாட்டுக் குழம்பு. கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். மகன் பரீட்சை எழுதப் போகிறான் என்று ஒரு தாசில் ஆபீஸ் ஊழியர் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். ரோசம்மா காரணம் கேட்டார்.

“வெள்ளக்காரன்தானேம்மா. கருவாடு ஒத்துக்குமோ ஒத்துக்காதோ.”

ரோசம்மா திட்டிப் பார்த்தார், கதவைப் பூட்டிப் பார்த்தார். மதிலுக்கு மேலாகக் கோழி வந்து விழுந்தது. தினமும் துடைப்பத்தோடு நின்றார். இதுவரை எல்லாம் சிரிப்புதான்.

படையலுக்கு ஒரு முறை உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வைத்ததை அங்கேயே முடித்துவிட வேண்டும்; மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் அதுவும் கூடவே வந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு நாள் யாரோ இதை ஒரு படி மேலே கொண்டுபோய் யோசித்துவிட்டார்கள். அந்த மண்ணில் முளைத்த புல்லைத்தானே ரோசம்மாவின் மாடுகள் தின்கின்றன? அந்தப் பாலைத்தானே வீட்டுக்குள் கொண்டுவந்து குழந்தைக்குக் கொடுக்கிறோம்?

ஒரே வாரத்தில் பால் நின்றது. யாரும் சண்டை போடவில்லை. பிள்ளைக்குச் சளி, ஊருக்குப் போகிறோம், மாமியார் பவுடர் பால் வாங்கச் சொல்கிறார் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டீக்கடை பாய் ஒருவர்தான் உண்மையைச் சொன்னார்.

“எனக்கு அதுல எல்லாம் நம்பிக்க இல்லம்மா. ஆனா கஸ்டமர் கிளாஸைத் தூக்கிப் பாத்துட்டு, எந்த வூட்டுப் பாலுனு கேக்குறான். நான் இன்னா செய்யட்டும்? தப்பா நெனைக்காத.”

ரோசம்மா அச்சகத்துக்கு வந்தார். பல்செட்டார் அப்போது என் மேசையில் உட்கார்ந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இன்னா பாவம் பண்ணேன் பல்லு சார்?”

“இன்னா ஆச்சிம்மா?”

“கடிச்சது உன் கேப்டன். கடி வாங்குனது டீச்சரம்மா. நடுவுல எம்மாட்டுப் பாலு இன்னா பண்ணிச்சி? கறக்கறேன், கன்னுக்குட்டிக்கே திருப்பி வுடறேன். அது ரெண்டும் குடிச்சிக் குடிச்சி யானக்குட்டி கணக்கா ஆயிடுச்சிங்க. எனக்குத்தான் அடுப்பு எரியல. வர்ற சந்தைக்குச் செவலையக் குடுத்துடலாம்னு தரகனக் கூப்ட்டு அனுப்பியிருக்கேன்.”

பல்செட்டார் புரூஃபை மடித்து வைத்தார். வாய் திறந்தபடியே இருந்தது. அவர் வாயிலிருந்த செட்டும் அவரே கட்டியதுதான். ஊரிலேயே நீளமான கோரைப்பல்கள் அதில் இருந்தன. அன்றைக்கு அவை யாரையும் பயமுறுத்தக்கூடிய நிலையில் இல்லை.

அடுத்த இதழில் கட்டம் போட்டு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ‘இது முழுக்கக் கற்பனைக் கதை. கேப்டன் என்று யாரும் எழுந்து வருவதில்லை. அங்கு மேயும் மாடுகளின் பால் உயர்ந்தது.’ ஊர் இதைக் கவனமாகப் படித்தது. “பொய்யா இருந்தா எதுக்குயா பொய்னு கட்டம் போட்டுச் சொல்றான்?” என்று முடிதிருத்தகத்தில் ஒருவர் கேட்டார். அதுவரை நம்பாதவர்களும் அன்று நம்பினார்கள்.

பிறகு தன்னையே பணயம் வைத்தார். காலையில் டீக்கடை வாசலில், எல்லோர் கண்ணெதிரிலும், ரோசம்மாவின் பாலை ஒரு பெரிய சொம்பில் வாங்கி மடமடவென்று குடித்தார். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்டுவதற்காகக் கூட்டத்தைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்.

பால் நனைந்த அந்தக் கோரைப்பல் இரண்டும் காலை வெயிலில் மின்னின. கூட்டம் மெல்லப் பின்வாங்கியது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “சிரிக்காம இருந்திருக்கலாம் சார்.”

சந்தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பல்செட்டார் என் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டு, “அடி அண்ணாமலைக்கு விடு தம்பி” என்றார். அங்கே உடுக்கை அடித்துக் காத்துக்கருப்பு ஓட்டுகிற பூசாரி ஒருவர் இருந்தார். நாங்கள் போனபோது கயிற்றுக் கட்டிலில் படுத்து எங்கள் பத்திரிகையைத்தான் படித்துக்கொண்டிருந்தார். இது எனக்குப் பெருமையாக இருந்தது.

எழுதுகிறவர் இவர்தான் என்றதும் எழுந்து உட்கார்ந்தார். “ஏம்பா, அந்த டீச்சரம்மா பொழைக்குதா இல்லியா? அத்த மொதல்ல சொல்லு.”

“பொழைச்சிடும் சாமி. இப்ப ஒரு மாடு பொழைக்கணும்.”

விவரத்தைக் கேட்டுவிட்டுப் பூசாரி கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

“நான் வந்து உடுக்க அடிச்சா போவாது. அத்த யாரு கூப்ட்டது?”

“நான்தான்.”

“எத்த வச்சிக் கூப்ட்ட?”

“பேனாவ வச்சி.”

“அப்ப பேனாவ வச்சே அனுப்பு. கொல்றேன்னு எழுதாத, செத்தது மறுபடி எழுந்துகினு வரும், அதுக்குத்தான் அது பேரே காட்டேரி. மரியாதியா அனுப்பணும். பசியோட அனுப்பக் கூடாது. குடுக்கறத எல்லைக்கு அந்தாண்ட வச்சிக் குடு. போறப்ப அது திரும்பிப் பாக்கக் கூடாது. அப்பறம், எங்க போவுதுனு தெளிவா சொல்லிடு. போற எடம் தெரியாம சுத்தறதுதான் திரும்பி வரும்.”

அதற்குப் பிறகு எத்தனையோ ஆசிரியர்களிடம் வேலை பார்த்தேன். ஒரு கதையின் முடிவைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முதலாளி இதைக் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “காட்டேரிய அனுப்பப் போறீங்களா? தீபம் மலருக்கு விளம்பரம் பிடிச்சி வச்சிருக்கேன் சார். கேப்டன் போனா பத்திரிகையும் கூடவே போயிடும்.”

நானும் என் பங்குக்குச் சொன்னேன். “மெட்ராஸ்காரர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா சார்? காட்டேரி இல்லாட்டி புத்தகம் இல்ல. இங்க அனுப்பிட்டு, மாதநாவல்ல வேற ஊர்ல எழுப்பிக்கலாமே.”

பல்செட்டார் மறுப்பாகத் தலையசைத்தார். “இல்ல தம்பி. மறுபடி எழுந்துட்டான்னு அச்சுல வந்தா இங்க மறுபடி பாலு நின்னுடும். அனுப்பினா அனுப்பினதுதான்.”

“உங்க புத்தகம்?”

“கேப்டன் எந்தக் காலத்துலயோ செத்துட்டான். மாடு உசிரோட இருக்குது.”

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். கேப்டனை அனுப்பும் அத்தியாயத்தைக் கேப்டன் மேல் உட்கார்ந்துதான் எழுதினார்.

அந்த அத்தியாயத்தின் புரூஃபை நான்தான் பார்த்தேன். கார்த்திகை தீபம். மலையில் தீபம் ஏறிவிட்டது. இருட்டில் மட்டுமே நடமாடத் தெரிந்த கேப்டனுக்கு, ஊரில் எங்கே திரும்பினாலும் அந்த வெளிச்சம் கண்ணில் படுகிறது. தன்னுடைய ஊர் இதுவல்ல என்று அவனுக்குப் புரிகிறது. ஊர் எல்லையைத் தாண்டி ரயில்வே ஸ்டேஷனுக்கு நடக்கிறான். தீபத்துக்கு வந்த கூட்டம். ஆசிரமங்களுக்கு வந்து தங்குகிற வெள்ளைக்காரர்கள் ஊரில் எப்போதும் உண்டு என்பதால் இன்னும் ஒருவனை யாரும் பொருட்படுத்தவில்லை. பிளாட்பாரத்தில் காவல்காரி ஒருத்தி பால் சொம்போடு காத்திருக்கிறாள். ‘பசியோடு போகாதே ஐயா’ என்கிறாள். அவன் குடிக்கிறான். இத்தனை காலமாகத் தனக்கு இருந்தது ரத்த தாகம் அல்ல, வெறும் பசிதான் என்று தெரிகிறது. கோரைப்பல் இரண்டையும் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டு, காட்பாடி பாசஞ்சரில் ஏறுகிறான். திரும்பிப் பார்க்கவில்லை. காட்பாடியில் வண்டி மாறி மெட்ராஸ், அங்கிருந்து கப்பல், கடைசியில் சீமையில் அவனுடைய அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ஓரிடம்.

ஓரிடத்தில் நான் பென்சில் வைத்தேன். “காட்பாடியில் எந்தப் பிளாட்பாரத்தில் மாறினான் என்பதெல்லாம் வேண்டுமா சார்?”

“வேணும். வழி தெரியாம வந்துடப் போறான். டிக்கெட் வாங்குனதையும் எடுத்துடாத. டிக்கெட் இல்லேன்னா பாதியில எறக்கித் திருப்பி அனுப்பிச்சிடுவாங்க.”

கட்டம் போட்ட அறிவிப்பு இல்லை, விளக்கம் இல்லை. எந்த இடத்தில், எந்த எழுத்தில், எத்தனை பத்தி இடத்தில் கேப்டனை எழுப்பினாரோ, அதே இடத்தில், அதே எழுத்தில், அதே அளவில் அனுப்பிவைத்தார்.

இதழ் வெளிவந்த மறுநாள் காலை பல்செட்டாரும் நானும் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றோம். தரகர் வந்து செவலையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்செட்டார் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எந்த வாயையும் ஆர்வத்தோடு பார்க்கிற மனிதர் அவர். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் கதையைப் படித்திருந்தார்கள். கேப்டன் போய்விட்டான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் முறையாகத்தான் போனானா என்று சொல்ல ஆள் இல்லை. முதலில் யார் கையை நீட்டுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது டவுன் பஸ்ஸிலிருந்து பூசாரி இறங்கினார். நெற்றி நிறைய விபூதி, கக்கத்தில் எங்கள் பத்திரிகை, கையில் பித்தளைச் சொம்பு. நேராக உள்ளே போனார். கேப்டனின் கல்லை ஒரு சுற்றுச் சுற்றினார். கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெளியே வந்து, தெருவுக்கே கேட்கும்படி பல்செட்டாரிடம் சொன்னார்.

“சுத்தமா போயிட்டான்யா. முறையா அனுப்பியிருக்க. வெறுங்கல்லுதான் கீது.” பிறகு ரோசம்மாவிடம் சொம்பை நீட்டினார். “ஊத்தும்மா. வூட்ல மருமவ புள்ளத்தாச்சி. அவளுக்குத்தான்.”

பிள்ளைத்தாச்சிக்கு என்ற சொல் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் சான்றிதழ் கிடையாது. ரோசம்மா ஊற்றினார். சொம்பை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு பூசாரி பஸ் ஏறினார். டீக்கடை பாய் கேனோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் தெருவே பாத்திரத்தோடு வந்தது. சளி பிடித்த பிள்ளைகளுக்கெல்லாம் சரியாகிவிட்டிருந்தது. கன்றுக்குட்டிகள் இரண்டும் அன்றைக்குத்தான் பல நாள் கழித்துப் பசி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு கத்தின.

தரகர் செவலையின் கயிற்றை விட்டுவிட்டார். “குடுக்கறதா இல்லியா?”

“போயிட்டு வாய்யா” என்றார் ரோசம்மா. பிறகு பல்செட்டார் பக்கம் திரும்பினார். “பல்லு சார், இனிமே கத எழுதறதா இருந்தா போலீஸ் ஸ்டேசன்ல வச்சி எழுது. அவங்க மாடு வளக்கறது இல்ல.”

முதலாளி சொன்னது பலித்தது. கேப்டன் போன பிறகு பத்திரிகை நோஞ்சானாகி, ஒரு நாள் நின்றது. ஆனால் அதற்குள் எனக்கு மெட்ராஸில் ஒரு நாளிதழில் இடம் கிடைத்தது. நேர்முகத்தில் உட்கார்ந்திருந்த செய்தி ஆசிரியர், காட்பாடியில் கேப்டன் வண்டி மாறியது எந்தப் பிளாட்பாரம் என்று சரியாகச் சொன்னார். எப்படியோ இதழ் அவர் கைக்குப் போயிருக்கிறது.

பல்செட்டார் அதற்குப் பிறகு கதை எழுதவில்லை. மெட்ராஸ் பதிப்பாளர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். “அவன் இப்ப அவங்கம்மா கூட இருக்கான். தொந்தரவு பண்ணாதீங்க” என்று பல்செட்டார் சொல்லியனுப்பினார். நீளமான கோரைப்பல்களை மட்டும் விடவில்லை.

எண்பதுகளின் நடுவில் அவர் போனார். தகவல் கிடைத்து நான் ஊருக்கு வந்தபோது எல்லாம் முடிந்து, மறுநாள் பால் தெளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சொம்பில் பால் தயாராக இருந்தது. கொண்டுவந்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. ரோசம்மா வாசலில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். “பசியோட அனுப்பக் கூடாதுல்ல” என்று மட்டும் சொன்னார்.

பத்திரிகைத் தொழிலில் நிறையத் தவறுகளுக்குத் திருத்தம் வெளியிட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் நாலு பத்தியில் செய்த தவறுக்கு ஏழாம் பக்கத்து மூலையில், யார் கண்ணிலும் படாத எழுத்தில், வருந்துகிறோம் என்று போடுவோம். தவறு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகத் திருத்தியவர், அதற்குத் தன் ஆசையையே விலையாகக் கொடுத்தவர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பேய்க்கதை எழுதியவர்.

ஓய்வுபெற்று ஊருக்கே திரும்பிவிட்ட எனக்கே போன மாதம் பல்செட் தேவைப்பட்டது. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் இளம் டாக்டர் அளவெடுத்தார். கம்ப்யூட்டரில் வரிசையைக் காட்டி, “மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க அங்கிள்” என்றார்.

“கோரைப்பல் ரெண்டும் ஒரு நெல் நீளம் ஜாஸ்தியா இருக்கட்டும்.”

அவர் சிரித்தார். “வீட்ல பேரப்பசங்க பயந்து அழுவாங்களே.”

அழட்டும் என்றேன். அழுதால் பால் கொடுத்துச் சமாதானப்படுத்தலாம். நல்ல பால் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.